மொட்டை மாடி மரத்தளம்: ஏழு வருடம், மூன்று பூச்சு

2018 பிப்ரவரியில் மொட்டை மாடியில் 12-க்கு 10 அடியில் ஒரு மரத்தளம் போட்டேன். வீடு சென்னையில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. பலகை எல்லாம் இடித்த பழைய வீட்டின் தேக்கு உத்தரங்களை அறுத்து எடுத்தது. மரம் தேடி இரண்டு மாதம் அலைந்தவன், மேலே என்ன பூசுவது என்று இரண்டு நாள்கூட யோசிக்கவில்லை.

கடைக்காரர் சொன்னபடி பி.யு. (பாலியூரிதேன்) வார்னிஷ், மூன்று கோட். ஆசாரி மட்டும் "வெளியில கெடக்குற மரம் தம்பி, இது நிக்காது" என்றார். போட்ட அன்று இருந்த பளபளப்பில் அது காதில் ஏறவில்லை. கத்திரி முடியும்போது பலகை ஓரங்களில் மயிரிழை வெடிப்பு. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே கெட்டியாக நிற்கும் படலம் அதோடு சேர்ந்து அசையாது. வெடிப்பு வழியாக ஐப்பசி மழை உள்ளே போனது. வெளியே வர வழியில்லை. கார்த்திகையில் வெள்ளைத் திட்டு, தையில் அப்பளம் போல உரியத் தொடங்கியது. உரிந்ததுகூடப் பரவாயில்லை. உரிந்த இடத்தில் மட்டும் பூசினால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும், மொத்தத்தையும் சுரண்டியாக வேண்டும். மெஷின் வைத்துத் தேய்த்தும் நான்கு நாள் ஆனது.

2019-ல் எதிர்த் திசைக்குப் போனேன். பாயில்டு லின்சீட் ஆயிலில் (சீக்கிரம் காயும்படி பதப்படுத்திய ஆளி விதை எண்ணெய்) டர்பெண்டைன் கலந்து துணியால் தேய்த்தேன். மரம் ஆசையாகக் குடித்தது, நிறமும் அழகு. ஆனால் அந்த எண்ணெய் பூஞ்சைக்கும் தீனி. அடுத்த மழைக்காலத்தில் தளம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.)

2020 பிப்ரவரியிலிருந்து இன்று வரை ஓடுவது மூன்றாவது: வெளிப்புற மரத்துக்கான, நிறமி கலந்த எண்ணெய். நிறமிதான் விஷயமே. வெயிலின் புற ஊதாக் கதிர் மரநாரைக் கட்டி வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. அதனால்தான் மரம் சாம்பல் நிறமாகிறது. நிறமில்லாத எண்ணெயால் அதைப் பெரிதாகத் தடுக்க முடியாது.

பூசும் விதத்தில் சில தப்பு செய்துதான் கற்றேன். உப்புத்தாள் 80-ஆம் நம்பருக்கு மேல் போகவில்லை, நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். வழவழப்பாகத் தேய்த்தால் எண்ணெய் சரியாக இறங்காது. கம்பி நாரால் ஒரு மூலையைத் தேய்த்ததில் இரும்புத் துகள் தங்கி, தேக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து நீலக் கறுப்பாகக் கறை பிடித்தது. கையுறை போட்டுக்கொண்டு ஆக்சாலிக் அமிலக் கரைசலில் கழுவித்தான் போனது. சாதா ஆணியும் இதே வேலையைச் செய்யும், அதனால் எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகாக மாற்றினேன். பலகையின் வெட்டு முனை ஸ்ட்ரா போல உறிஞ்சும், அங்கே கூடுதலாக ஒரு கை. மற்ற இடத்தில் மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஊஞ்சலடியில் துடைக்க மறந்த இரண்டு பலகை ஒரு வாரம் பிசுபிசுத்துக் கிடந்தது.

முதல் முறை இரண்டு கோட்டுக்கு இரண்டு லிட்டர் ஆனது. அப்புறம் வருடா வருடம் மழை ஈரம் வற்றிய பிப்ரவரியில், தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்தாக நின்றால் விட்டுவிடுவேன். ஊறினால் கழுவி, காயவைத்து, ஒரே ஒரு கோட். சுரண்டல் கிடையாது, ஒரு காலை வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைக்கூடத் தளம் தாங்கியது, பூந்தொட்டிகளுக்கு அடியில் மட்டும் வட்ட வட்டமாகக் கறுத்தது. இப்போது தொட்டிக்கெல்லாம் கால் வைத்துவிட்டேன்.

"ஒரு முறை பூசினால் பத்து வருடம்" என்று தேடுபவர்களுக்கு இது சரிப்படாது. எனக்குள்ள ஒரே குறை, கோட் ஏற ஏற நிறம் அடர்ந்துகொண்டே போகிறது. தளம் இப்போது கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பிப்ரவரிக்கென்று வெளிர் நிற டப்பா ஒன்றை இப்போதே வாங்கி வைத்துவிட்டாள். ஏற்கெனவே இறங்கிய நிறம் மேலே பூசுவதால் வெளுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். டப்பா அலமாரியில்தான் இருக்கிறது.