டெப்போ-ப்ரோவெரா ஊசி: மருந்து சரி, வழக்கு நிற்குமா?

பல வருடம் கருத்தடை செய்ததால்தான் குழந்தை தங்கவில்லை என்று மருத்துவர் மேல் வழக்குப் போட்டால் நிற்குமா என்பதுதான் கேள்வி. கர்ப்பம் தடுப்பதில் இந்த ஊசியைக் குறை சொல்ல முடியாது. ஒரு மில்லிலிட்டரில் 150 மில்லிகிராம் மெட்ராக்சிப்ரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். 13 வாரத்துக்கு ஒருமுறை தசையில். மாத்திரை மறந்துபோகும் கவலை இல்லை. சங்கடம் நிறுத்திய பிறகுதான்.

தசையில் தேங்கி மெல்லக் கரையும் மருந்து என்பதால், போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கருத்தரிப்பவர்களில் பாதிப்பேருக்குக் கடைசி ஊசியிலிருந்து 10 மாதம் வரை ஆகும். 4 மாதத்தில் தரித்தவரும் உண்டு, 31 மாதம் ஆனவரும் உண்டு. இதை மருந்தோடு வரும் தாளே சொல்கிறது. எத்தனை வருடம் போட்டார்கள் என்பதற்கும் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. "எட்டு வருஷம் போட்டதாலதான் கர்ப்பப்பை கெட்டுப்போச்சு" என்ற வாதம் இங்கேயே அடிபட்டுவிடும்.

மாத்திரையில் இந்தத் தாமதம் பெரிதாக இல்லை. ஆனால் அது வேறொன்றை மறைக்கும். மாதாமாதம் வரும் உதிரப்போக்கு மாத்திரை சாப்பிடாமல் விடும் இடைவெளியால் வருவது. உள்ளே பிசிஓஎஸ் (மாதவிலக்கு தள்ளிப்போகும் சினைப்பைக் கோளாறு) இருந்தாலும் தெரியாது. நிறுத்தியதும் பழைய கோளாறு தலைகாட்டும், பழி மாத்திரை மேல் விழும்.

மருத்துவர் மேல் வழக்கு என்றால் கடமை, தவறு, அந்தத் தவறுதான் காரணம் என்பது, பாதிப்பு என நான்கையும் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில். பத்து வருடம் கருத்தடை என்றால் வயதும் பத்து கூடியிருக்கும். எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான். கணவரின் விந்துப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைக் காட்டும் எச்எஸ்ஜி எக்ஸ்ரே, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை மூன்றும் இல்லாமல் வக்கீலிடம் போவது வீண். (மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஏஎம்எச் குறைத்துக் காட்டும், நிறுத்திச் சில மாதம் கழித்து எடுப்பதே நல்லது.)

வலுவான வழக்கு வேறு. "அடுத்த வருஷம் குழந்தை வேணும்" என்று சொன்ன பெண்ணுக்குத் தாமதத்தைப் பற்றி வாயே திறக்காமல் ஊசி போட்டிருந்தால், அது ஒப்புதல் பெறுவதில் நேர்ந்த தவறு. அவர் அப்படிச் சொன்னது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த ஊசியால் எலும்பு அடர்த்தி குறைவதால், வேறு முறை பொருந்தாவிட்டால் மட்டுமே இரண்டு வருடத்துக்கு மேல் தொடர வேண்டும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை சேர்த்தது. அதை மீறியதைக் காட்டலாம்தான். ஆனால் அது எலும்பு பாதிப்புக்குச் சாட்சி, கரு தரிக்காததற்கு அல்ல.

காப்பர் டி போட்டவர் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் என்று வந்தும் பரிசோதிக்காமல் அனுப்பி, பின்னால் குழாய் அடைத்திருந்தால் காரணத்தைக் காட்டுவது எளிது.

ஊசித் தேதிகள், மருந்துப் புட்டியில் உள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், ஒப்புதல் படிவம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் விண்ணப்பித்து நகல் வாங்குங்கள். வழக்குக்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து கணக்கு, சில இடங்களில் சிகிச்சை நாளிலிருந்து. 31 மாதமும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்தக் கெடு அதற்குள் முடிந்துவிடலாம்.