டிப்பர் பிரேக்கைச் சரிசெய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கிய பட்டறை: டெல்டா விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை

அறுவடைக்கு முன்பாக டிராக்டர் டிப்பரைப் பட்டறையில் விட்டு வேலை பார்த்து வாங்குகிற மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டார விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் டிப்பரின் பிரேக்கை முழுவதுமாகப் பிரித்துச் சரிசெய்ததாகச் சொல்லி, பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுத்துப் பணம் வாங்கிய பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பது ஒரு காரணம். அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பட்டறையிலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது இன்னொரு காரணம்.

நம் பகுதியில் ஓடும் பல டிப்பர்களுக்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. முழுச் சுமையையும் டிராக்டரின் பிரேக்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டை நூறு ஏற்றினால் நெல் மட்டும் 4 டன். டிப்பரின் சொந்த எடையையும் சேர்த்தால் 5 டன்னைத் தாண்டிவிடும். அதை இழுக்கிற 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன்தான். இழுக்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் உறைப்பதில்லை. நிறுத்தும்போதுதான், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு கனமானது என்பது தெரியவரும். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகும்போது பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காக அல்ல, இரண்டேகால் மடங்காக உயர்கிறது. இதனால்தான் எங்கள் டிப்பரை ஓவர்ரன் பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தோம்.

ஓவர்ரன் பிரேக் வேலை செய்யும் விதம் எளிமையானது. டிராக்டர் வேகம் குறையும்போது டிப்பர் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில், டிப்பரை டிராக்டரோடு இணைக்கும் தண்டான டிராபாரின் முன்பகுதி சற்று உள்ளே சறுக்கி மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாக இரண்டு சக்கரங்களின் வீல் சிலிண்டருக்கும் போய், உராய்ந்து நிறுத்தும் பட்டையான லைனிங்கை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு அழுத்துகிறது. ஓட்டுநர் தனியாக எதையும் மிதிக்க வேண்டியதில்லை. பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ரிவர்ஸ் லாக் கம்பி மட்டும் உண்டு.

மார்கழியில் வண்டியைப் பட்டறையில் விட்டபோது நாங்கள் கேட்டது நான்கு வேலைகள்: இரண்டு சக்கரத்துக்கும் புது லைனிங், வீல் சிலிண்டர்களுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் புது ரப்பர் கிட், புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தல் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுதல்), ஹப் பேரிங்குக்குக் கிரீஸ். திரும்பி வந்த வண்டியில் டிரம்மும் பின்தட்டும் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தன. கூலியும் சாமானும் சேர்த்து 14,500 ரூபாய் என்று ஒரே வரியில் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். கழற்றிய பழைய லைனிங்கைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று பதில் வந்தது.

பிரேக் வேலையில் ஏமாற்றுவதற்கு நம் ஊரைப் போல வசதியான ஊர் வேறு இல்லை. மலைப்பாதையில் ஓடுகிற வண்டியாக இருந்தால் முதல் இறக்கத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே தரை முழுவதும் சமம், வேகம் குறைவு, காலி டிப்பரை டிராக்டர் பிரேக்கே நிறுத்திவிடும். ஆனால் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் ஓடுகிற மண்ணில், ஆற்றங்கரைச் சாலையிலிருந்து இறங்கும் சரிவும் மேடிட்ட பழைய பாலமும் இல்லாத வழியே இல்லை. பட்டறைக்காரர் செய்யாமல் விட்ட வேலை, சுமை ஏற்றிய வண்டி அப்படி ஒரு பாலத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் மறைந்தே இருக்கும்.

எங்களுக்குத் தை மாதக் கடைசியில், பாமணியாற்றுப் பாலம் ஒன்றின் இறக்கத்தில் அது வெளிப்பட்டது. ஓட்டியவன் என் அண்ணன் மகன்; பல வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவன். எதிரே ஒரு மொபெட் வந்ததால் வேகத்தைக் குறைத்திருக்கிறான். டிப்பரின் வலது சக்கரம் மட்டும் பிடித்து, இடது சக்கரம் தன்போக்கில் உருண்டதால், டிப்பரின் மூக்கு வலப்பக்கம் திரும்பி டிராக்டரின் பின்புறத்தைத் தள்ள, டிராக்டரின் முன்சக்கரம் இடப்பக்கக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. சுவர் தாங்கியது. மேல் வரிசை மூட்டைகள் சரிந்து ஆற்றில் விழுந்தன. மேட்டூர்த் தண்ணீர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நெல் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. மூட்டையின் மேல் ஆட்களை ஏற்றி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நடவுக்கும் களைக்கும் பெண்களை டிப்பரில் ஏற்றிப் போகிற பழக்கத்தை, பிரேக் நன்றாக இருந்தாலும், விட்டுவிடத்தான் வேண்டும்.

வண்டியைப் பிரித்துப் பார்த்தவர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் உறவினர். ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொண்டோம். லைனிங் இரண்டு பக்கமும் பழையது. ரிவெட் தலைகள் மேற்பரப்புக்கு வந்து டிரம்மில் கோடு கிழித்திருந்தன. ஏர் எடுக்கும் நிப்பிள்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. சாவி போட்டதும் ஒன்று முறிந்தே விட்டது. அவற்றைப் பட்டறையில் யாரும் தொடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இடது சக்கரத்துக்குப் போகும் குழாயை, ஆயில் இரண்டு பக்கமும் பிரியும் டீ ஜாயிண்டில் கழற்றியபோது, அதன் வாயில் சிறிய பேரிங் குண்டு ஒன்று வைத்து நட்டு முறுக்கப்பட்டிருந்தது. இடது வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கிறது. புது ரப்பர் போடுவதற்குப் பதிலாக அந்தப் பக்கத்துக்கு ஆயிலே போகாதபடி அடைத்துவிட்டார்கள். ஒழுக்கு நின்றது, அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் நின்றது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தே செய்தாலொழியக் குண்டு தானாகப் போய்க் குழாயில் உட்காராது.

இதைவிட மோசமானது ஆயில். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். டிரம் பிரேக்கில் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்தது; அதற்கென்று செய்த ரப்பர் கப், பெட்ரோலியத்திலிருந்து வரும் எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ பட்டால் ஊறிப் பருத்துவிடும். பருத்த கப், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வரவேண்டிய சிறிய துளையை மூடிக்கொள்ளும். பிறகு பிரேக் விட்டாலும் அழுத்தம் இறங்காது. லைனிங் டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். டிரம் சூடேறி, லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாகிவிடும். எங்கள் வலது சக்கரத்தில் இது அப்படியே நடந்திருந்தது. ஆயில் இம்மர்ஸ்டு பிரேக் உள்ள டிராக்டர்களில் பிரேக் தட்டுகள் டிரான்ஸ்மிஷன் ஆயிலிலேயே மூழ்கி ஓடும். அந்த அமைப்பும் அதன் ரப்பரும் வேறு. டிராக்டருக்கு ஊற்றும் ஆயிலை டிப்பருக்கும் ஊற்றலாம் என்ற பேச்சை நம்பிவிடக் கூடாது.

பட்டறைக்காரரிடம் படங்களைக் காட்டியபோது, "அண்ணே, ரோட்டுல போகும்போது ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக் பெடல் உண்டு. வயலில் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைத்துவிட்டு, அப்படியே சாலைக்கு வந்து வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்வது நம் பக்கத்தில் நடப்பதுதான் என்பதால், அது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பாலத்தில் நின்ற டிராக்டரின் படத்தில் இரண்டு பெடலும் கொக்கியோடு சேர்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அடுத்து, ரிவர்ஸ் லாக் கம்பியை எடுக்காமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார். கம்பி போட்டிருந்தால் இரண்டு சக்கரமும் பிடித்திருக்காது; ஒன்று மட்டும் பிடித்து இழுத்தது எப்படி என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. குழாய்க்குள் இருந்த குண்டைக் கையில் கொடுத்ததும், வேலை பார்த்த பையன் இப்போது திருப்பூருக்குப் போய்விட்டான் என்று முடித்துக்கொண்டார்.

வழக்கறிஞர் நோட்டீசுக்குப் பதில் வராததால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். டிராக்டர் வைத்திருப்பவர் வியாபாரி, நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்; தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எங்களுக்கு இப்போது கைகொடுப்பது அந்தச் சீட்டும் படங்களும்தான்.

பணம் கொடுப்பதற்கு முன்பு பட்டறை வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இதற்கு மெக்கானிக் தேவையில்லை. காலி டிப்பரைச் சமதரையில் நிறுத்தி, ஒரு சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட்டு, மற்றச் சக்கரத்தை ஜாக்கியில் தரையைவிட்டுச் சற்றே தூக்கச் சொல்லுங்கள். கடப்பாரையால் நெம்பி டிராபாரின் முன்பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்தால், தூக்கிய சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுக வேண்டும். விட்டதும் தடையில்லாமல் சுழல வேண்டும். இறுகாவிட்டால் பிரேக் இல்லை. விட்ட பிறகும் உரசினால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது ரப்பர் சரியில்லை. இரண்டு சக்கரத்தையும் இப்படிப் பார்க்க வேண்டும். நாங்கள் ஏமாந்தது போன்ற வேலையை இந்தச் சோதனை உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

ஆயிலைச் சோதிப்பது அதைவிட எளிது. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலிருந்து சில சொட்டு விடுங்கள். சரியான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். ஹைட்ராலிக் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் மேலே மிதக்கும். தண்ணீரோடு கலக்கும் இந்தக் குணமே பிரேக் ஆயிலின் பலவீனமும் ஆகும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே அதற்கான வரையறை. சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி ஏறும் நம் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மாற்றியாக வேண்டும். திறந்து வைத்த பாதி டப்பாவிலிருந்து ஊற்றவும் விடக் கூடாது.

பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டிராக்டர் கொக்கியில் டிப்பரை மாட்டும் பின்னை எடுத்துவிட்டு, சாதாரணக் கட்டடக் கம்பியை வெட்டிச் செருகியிருந்தார்கள். கீழே கிளிப்பும் இல்லை. பள்ளத்தில் குதித்தால் அது மேலே எழும்பிக் கழன்றுவிடும். மாட்டுவதற்கு உறுதியான ஒரு பின், அதன் கிளிப், டிராபாருக்குக் கீழே குறுக்காகப் போட்ட சங்கிலி ஆகிய மூன்றையும் வண்டி எடுக்கும்போதே பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுத் தண்ணீர்ச் சோதனை செய்து, ஆயில் மிதப்பதைக் கண்டவர்கள், அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். எண்ணெய் பட்ட ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், இரண்டு வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, இரும்புக் குழாய்களைக் கழுவி, அதன் பிறகே புது ஆயில் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். எங்களுக்கு அதைச் செய்து தந்த உறவினர், கழற்றிய சாமான்கள் அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டி எங்களிடமே கொடுத்துவிட்டார். ஹைட்ராலிக் ஆயில் ஒரு பாட்டிலிலும் பேரிங் குண்டு ஒரு காகித உறையிலும் ஆணையத்தில் காட்டுவதற்காகத் தனியாக இருக்கின்றன.