சிற்றூருக்கு எந்தக் கஞ்சா உரிமம்? கனடா மாகாணங்கள் காட்டும் வழிகள்

2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் வயதுவந்தோர் கஞ்சா வாங்குவது சட்டப்படி சரி. பொட்டலம் எப்படி இருக்க வேண்டும், பொது இடத்தில் ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் (30 கிராம்) என்பதையெல்லாம் ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சி அரசே முடிவு செய்தது. எந்த ஊரில் யார் கடை போடுவது என்பதை மாகாணங்களின் கையில் விட்டது. பெருநகரத்தில் இருப்பவருக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. எப்படியும் பக்கத்தில் ஒரு கடை வந்துவிடும். எழுநூறு எண்ணூறு பேர் வாழும், அடுத்த ஊருக்குப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய சிற்றூரின் நிலை வேறு. உரிமம் கொடுக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் அங்கே கடை வருவதும் வராததும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை இல்லை என்பதற்காக அந்த ஊரில் கஞ்சா இல்லை என்று ஆகிவிடாது. சட்டத்துக்கு முன்பு விற்றவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் வயதுச் சான்று கேட்பதில்லை. சரக்கில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்பது அவருக்கே தெரியாது. ஆகவே சிற்றூருக்கும் கடை தேவை என்றே கருதுகிறேன். எந்த வகைக் கடை என்பதில்தான் விவாதம்.

கியூபெக் அரசே கடை நடத்துகிறது. தனியாருக்கு இடமில்லை. விற்பனையைப் பெருக்க வேண்டும் என்ற அவசரம் கடை ஊழியருக்கு இல்லை. லாபம் தடுப்புப் பணிக்கும் ஆய்வுக்கும் போகிறது. பொதுச் சுகாதாரம் என்று பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு சொல்வது கடினம். ஆனால் அரசு நிறுவனம் கடைகளை எண்ணி எண்ணித்தான் திறக்கும். முதல் நாளில் அந்தப் பரந்த மாகாணம் முழுவதற்கும் 12 கடைகள்தான் இருந்தன. சரக்குத் தட்டுப்பாட்டால் அவையும் சில நாட்களிலேயே வாரத்தில் மூன்று நாள் மூடப்பட்டன. பின்னர் கடைகள் பெருகின. ஆனாலும் தனிக் கட்டடம், முழுநேர ஊழியர், காவல் ஏற்பாடு என்று கணக்குப் போட்டால் எண்ணூறு பேர் உள்ள ஊருக்கு அரசுக் கடை கட்டுப்படியாகாது.

ஒன்டாரியோவின் கதையை விரிவாகவே பார்க்க வேண்டும். அரசுக் கடைகள் என்று முதலில் போட்ட திட்டத்தை, ஆட்சி மாறியதும் 2018 ஆகஸ்டில் கைவிட்டுத் தனியாரிடம் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் 25 உரிமங்களுக்குக் குலுக்கல் நடந்தது. 50,000க்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு அந்தக் குலுக்கலில் இடமே இல்லை. சரக்குப் போதவில்லை என்பது காரணம். காரணம் உண்மைதான், ஆனால் பற்றாக்குறைக் காலத்தில் வரிசையின் கடைசியில் யாரை நிறுத்தினார்கள் என்பதும் உண்மை. 2020இல் எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டு, கேட்டவர்க்கெல்லாம் உரிமம் என்றார்கள். கடைகள் ஆயிரத்தைத் தாண்டின. டொராண்டோவின் குயின் தெரு மேற்கில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக முளைத்தன. நடத்துநர் உரிமத்துக்கு 6,000 டாலர், கடை அனுமதிக்கு 4,000 டாலர் என்று வைத்த கட்டணம் குயின் தெருவுக்கும் வடக்கே காட்டோரத்தில் உள்ள சிற்றூருக்கும் ஒன்றே. சந்தையைத் திறந்துவிட்டால், போட்ட பணம் எங்கே வேகமாகத் திரும்புமோ அங்கேதான் முதலீடு போகும்.

பள்ளியிலிருந்து 150 மீட்டருக்குள் கடை கூடாது என்பது ஒன்டாரியோ விதி. விதியின் நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. நகரத்தில் அது சில மனைகளை மட்டும் விலக்கும். ஒரே கடைத்தெரு உள்ள ஊரில் பள்ளியும் அதே தெருவில் இருந்தால், வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் பாதி கழிந்துவிடும்.

ஊர் மன்றங்களின் சம்மதத்திலும் இதே கோளாறு உண்டு. 2019 ஜனவரி 22க்குள் கடை வேண்டும், வேண்டாம் என்று ஒன்டாரியோ ஊர் மன்றங்களைச் சொல்லச் சொன்னார்கள். தமிழர்கள் திரளாக வாழும் மார்க்கம் நகரம் வேண்டாம் என்றது. அதனால் அங்குள்ளவர்களுக்கு இழப்பு அதிகமில்லை. ஸ்டீல்ஸ் சாலையைக் கடந்தால் டொராண்டோ, அங்கே கடைகள் உண்டு. சிற்றூர் மறுத்தால் சுற்று வட்டாரத்துக்கே கடை இல்லை. வேண்டாம் என்றவர்கள் பிறகு மனம் மாறலாம். வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. தயங்கும் சிறிய மன்றம் இந்த நிபந்தனையைப் பார்த்தால் மறுக்கத்தான் செய்யும்.

சஸ்காச்சுவான் வரிசையை மாற்றிப் போட்டது. அதுவும் முதலில் 2,500 பேருக்கு மேற்பட்ட ஊர்களுக்கே 51 உரிமங்கள் என்றுதான் தொடங்கியது. ஆனால் வரம்பை நீக்கியபோது 2020 ஏப்ரலில் 2,500க்கும் குறைவான ஊர்களுக்குத் திறந்துவிட்டு, மற்றவற்றுக்குச் செப்டம்பரில்தான் வழிவிட்டது. சில மாத முந்துரிமைதான். சிற்றூரில் கடை போட நினைப்பவருக்கு அது மதிப்புள்ளது.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது மனிடோபாவின் வழி. மொத்த விற்பனை அரசு நிறுவனத்திடம், சில்லறை தனியாரிடம். மாகாண மக்களில் 90 சதவீதத்தினர் 30 நிமிட கார்ப் பயணத்தில் ஒரு கடையை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். உரிமத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 19 வயதுக்குக் குறைந்தவர் கடைக்குள் நுழையவே முடியாது. மற்றொன்றில் சரக்கு கல்லாவுக்குப் பின்னால், மூடிய அலமாரியில் இருக்கும். பணம் கட்டும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது. வாங்குபவர் பட்டியலைப் பார்த்துக் கேட்கிறார், அடையாள அட்டையை நீட்டுகிறார், பணம் கட்டுகிறார். அதன் பிறகே பொட்டலம் வெளியே வருகிறது: படமில்லாத ஒற்றை நிற உறை, மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, கஞ்சா இலையுடன் சிவப்புச் சின்னம், டிஎச்சி அளவு, மாகாணத்துக்கென்று தனி நிறத்தில், வரி கட்டியதைக் காட்டும் தீர்வை வில்லை. தெருவில் விற்பவரின் பிளாஸ்டிக் பையில் இவற்றில் ஒன்றும் கிடையாது.

இந்த இரண்டாவது வகையால்தான் ரொட்டியும் பாலும் விற்கும் ஊர்க்கடையே உரிமம் கேட்க முடிகிறது. வாடகை, மின்சாரம், ஆள்கூலி எல்லாம் ஏற்கெனவே நடக்கும் வியாபாரத்தில் அடங்கிவிடுகின்றன. கஞ்சாவை மட்டும் விற்றுப் பிழைக்க வேண்டிய நெருக்கடி இல்லாததால், அதிகம் விற்றாக வேண்டும் என்ற அழுத்தமும் குறைகிறது. கியூபெக் அரசுக் கடையின் நன்மையில் ஒரு பங்கு இப்படி வேறு வழியில் கிடைத்துவிடுகிறது.

நியூஃபவுண்ட்லாந்தும் கல்லாவுக்குப் பின்னால் விற்கும் கடையைத் தொடக்கத்திலேயே ஒரு வகையாக ஏற்றது. ஆனால் விற்பனையில் சில்லறை வியாபாரிக்கு அது கொடுத்த பங்கு தொடக்கத்தில் 8 சதவீதம். பெரிய பல்பொருள் அங்காடி தாங்கும். சிறு வியாபாரி எப்படித் தாங்குவார்?

கடையே வேண்டாம், இணையத்தில் வாங்கித் தபாலில் பெறட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். கடன் அட்டை இல்லாதவரை இது கைவிடுகிறது. பொட்டலம் வரும் வேளையில் வீட்டில் இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். பல ஊர்களில் தபால் முகப்பு இருப்பதே ஊர்க்கடைக்குள்தான். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாது என்று தபாலை நாடும் ஆசிரியரும் செவிலியரும் கடைசியில் அதே கல்லா முன்னால்தான் நிற்கிறார்கள்.

மனிடோபா முறையிலும் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. சிற்றூரில் மதுவும் விற்கும் கடையே உரிமம் கேட்கக்கூடும். மதுவையும் கஞ்சாவையும் இயன்றவரை ஒரே இடத்தில் விற்கக் கூடாது என்று ஆன் மெக்லெலன் தலைமையிலான கூட்டாட்சிக் குழு 2016இலேயே பரிந்துரைத்தது. வேறு கடை இருக்கும் ஊரில் இதைத் தளர்த்தக் கூடாது. அடுத்தது, அந்த 90 சதவீதம். மனிடோபா மக்களில் பாதிக்கு மேல் வினிபெக் நகரத்தில்தான் வாழ்கிறார்கள். எஞ்சும் 10 சதவீதத்தில் விமானத்திலோ குளிர்காலப் பனிச்சாலையிலோ மட்டும் எட்டக்கூடிய வடக்கத்திய பூர்வகுடிச் சமூகங்கள் அடங்கும். கார்ப் பயண நிமிடங்களால் அந்த ஊர்களை அளக்க முடியாது. அங்கே கடை வேண்டுமா, யார் நடத்துவது, எத்தனை நாள் என்பதை அந்தச் சமூக மன்றங்களே முடிவு செய்ய வேண்டும். சரிவரவில்லை என்றால் மூடும் உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும்.