ஏஏ-யா, ஏஐ-யா? ஐபி உயர்நிலைக் கணிதத்தின் இரு பாதைகள்

பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் இன்டர்நேஷனல் பாக்கலாரியட், சுருக்கமாக ஐபி, இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் கணிதத்தை உயர்நிலையில், அதாவது ஹெச்எல்-இல் எடுப்பதென்று முடிவு செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும். 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கணிதத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒன்று ‘பகுப்பாய்வும் அணுகுமுறைகளும்’ (அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்), மற்றது ‘பயன்பாடுகளும் விளக்கமும்’ (அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன்). மாணவர்கள் ஏஏ, ஏஐ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ஏஏ கெட்டிக்காரர்களுக்கு, ஏஐ மற்றவர்களுக்கு என்ற பேச்சு பள்ளிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்எல் எனப்படும் பொதுநிலையில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஹெச்எல்-இல் அது தவறான பேச்சு. இரண்டுக்கும் 240 மணி நேர வகுப்பு. இரண்டிலும் இரண்டு மணி நேரத் தாள்கள் இரண்டு, அதைவிடக் குறைந்த நேரத்தில் மூன்றாம் தாள் ஒன்று, மாணவரே தலைப்பைத் தேர்ந்து எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு 20 சதவீதம். வேறுபடுவது நேரம் எங்கே செலவாகிறது என்பதில்தான். நுண்கணிதத்துக்கு ஏஏ 55 மணி நேரம் தருகிறது, ஏஐ 41. புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் ஏஏ தருவது 33, ஏஐ தருவது 52.

எண்களைவிட ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஒரு குளத்தில் மீன்கள் பெருகுகின்றன. இடமும் இரையும் அளவோடு இருப்பதால் பெருக்கம் போகப்போகக் குறைகிறது. ஏஏ மாணவரிடம் இந்தப் பெருக்க வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வார்கள். அவர் மாறிகளைப் பிரித்து, பகுதிப் பின்னங்களாக்கி, தொகையிட்டு, மடக்கையை அவிழ்த்து விடைக்கு வருவார். நடுவில் ஒரு குறி பிசகினால் போயிற்று. ஏஐ மாணவரிடம் ஆண்டுவாரியான மீன் எண்ணிக்கையைக் கொடுப்பார்கள். எந்த வளைகோடு பொருந்தும், அதன் உச்ச வரம்பு எதைக் குறிக்கிறது, பத்தாண்டு கழித்தும் இந்த மாதிரியை நம்பலாமா என்று கேட்பார்கள். அதே குளத்தில் கொன்றுண்ணும் மீனொன்றை விட்டுவிட்டால் சமன்பாடுகள் இரண்டாகிப் பின்னிக்கொள்ளும். அங்கே ஆய்லர் முறையில் படிப்படியாக விடையை நெருங்குவதும், ஐகன் மதிப்புகள் என்னும் சிறப்பு எண்களைக் கொண்டு அமைப்பு நிலைபெறுமா சிதறுமா என்று சொல்வதும் ஏஐ ஹெச்எல் பாடம். இதை எளிது என்பவர் அந்த வினாத்தாளைப் பார்த்திருக்க மாட்டார்.

கால்குலேட்டர் விஷயம் இதோடு ஒட்டியது. ஏஐ-யின் எல்லாத் தாள்களிலும் வரைபடக் கால்குலேட்டர் கையில் இருக்கும். ஏஏ-யின் முதல் தாளில் அது கூடாது. கையால் இயற்கணிதம் செய்வதில் சுகம் காண்பவருக்கு அந்தத் தாள் விருந்து.

இரண்டிலும் எனக்குக் குறை உண்டு. ஏஏ ஹெச்எல்-இல் தொகுத்தறிதல் நிறுவல், முரண்பாட்டு நிறுவல், கலப்பெண்களில் டி மாய்வர் தேற்றம், மெக்லாரின் தொடர் எல்லாம் இருக்கின்றன, அணிகள் (மேட்ரிக்ஸ்) இல்லை. பொறியியல் படிக்கப் போகிறவர் இரண்டு அணிகளைப் பெருக்கிப் பார்க்காமலே பள்ளியை முடிக்கலாம் என்பது விசித்திரம். அணிகள், மார்க்கோவ் சங்கிலி, கோட்டுருவியல், பாய்சான் பரவல், கருதுகோள் சோதனை எல்லாம் ஏஐ பக்கம் போய்விட்டன. தரவோடு புழங்கும் எந்தத் துறைக்கும் இவை நேரடியாக உதவும். ஆனால் பகுதித் தொகையிடல் ஏஐ-யில் கிடையாது, நிறுவலுக்கும் பெரிய இடமில்லை. பொத்தானை அழுத்தி விடை வாங்கும் பழக்கம் ஊறிவிட்டால், விடை தவறாக வரும்போது அது தவறு என்று தோன்றவே தோன்றாது.

பிரிட்டிஷ் பள்ளி இறுதிப் படிப்பான ஏ-லெவல் வழியில் இந்தப் பிரிவினை இல்லை. கணிதம் ஒரு பாடம், மேற்கணிதம் அதன்மேல் இன்னொரு பாடம். இங்கிலாந்தில் 2017-இல் வந்த திட்டப்படி மேற்கணிதத்தில் பாதி கட்டாயத் தூய கணிதம், அதில் கலப்பெண்களும் அணிகளும் சேர்ந்தே வருகின்றன. மீதியை இயந்திரவியல், புள்ளியியல் போன்றவற்றிலிருந்து பள்ளியோ மாணவரோ தேர்ந்துகொள்ளலாம். கணிதத்தில் மட்டும் பசி கொண்டவருக்கு இதுவே நல்ல சாப்பாடு. மூன்று பாடங்களே எடுப்பவருக்கு அதில் இரண்டு கணிதமாகிவிடும், அவ்வளவுதான்.

கணிதம், இயற்பியல், பொறியியல் என்று மனதில் உறுதி இருந்தால் ஏஏ ஹெச்எல். அந்தப் பட்டங்களுக்கு அதை மட்டுமே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இருப்பதால் விவாதத்துக்கு இடமில்லை. உயிரியல், உளவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவருக்கு ஏஐ ஹெச்எல் கூடுதல் பயன் தரும் என்பது என் கணிப்பு. பொருளியல்தான் சிக்கல். கணிதச் செறிவுள்ள பொருளியல் துறைகள் ஏஏ-யை விரும்புகின்றன, மற்றவை இரண்டையும் ஏற்கின்றன. விண்ணப்பிக்க நினைக்கும் துறையின் சேர்க்கை விதியைப் பாடம் தேர்வதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

இன்னும் முடிவெடுக்காதவர் ஏஏ ஹெச்எல்-இல் தொடங்குவது நல்லது. திணறினால் ஏஏ எஸ்எல்-க்கு இறங்கலாம். அதன் பாடமெல்லாம் ஹெச்எல்-க்குள் அடக்கம். முதல் ஆண்டின் தொடக்கத்தில் ஏஐ-க்கு மாறுவதும் பெரிய சிரமமில்லை. ஏஐ-யிலிருந்து ஏஏ-க்கு மாற விரும்புகிறவர், வகுப்பு தாண்டிப் போய்விட்ட இயற்கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்.