436 ரூபாய்க் காப்பீடும் மாற்றாமல் விட்ட நாமினி பெயரும்

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவர் பாஸ்புக்குகளில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா என்ற ஆயுள் காப்பீடு. 18 வயது முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். கூடவே 20 ரூபாய் கட்டும் சுரக்ஷா பீமா, விபத்தில் இறந்தால் இன்னொரு 2 லட்சம் தரும். கடலில் மூழ்கி இறப்பதும் விபத்துதான். அப்படியானால் வருடத்துக்கு 456 ரூபாய்க்கு 4 லட்சம். கடலுக்குப் போகிற ஆள் உள்ள வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு வங்கியில் பிரீமியம் கழிந்தாலும் ஒரு காப்பீட்டுக்குத்தான் பணம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திட்டம் நல்லது. ஆனால் இந்தக் கரையில் அது இரண்டு இடத்தில் சறுக்குகிறது.

முதலாவது, பணம் கழியும் நாள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வீட்டில் வரும்படியே இல்லாத வாரத்தில்தான் பிரீமியம் கழிய வேண்டியிருக்கிறது. கணக்கில் 436 இல்லையென்றால் காப்பீடு சத்தமில்லாமல் நின்றுவிடும். பிறகு சேரலாம்தான்: ஆகஸ்ட் வரை 436, செப்டம்பர் முதல் நவம்பர் வரை 342, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 228, மார்ச் முதல் மே வரை 114. ஆனால் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில், விபத்தைத் தவிர வேறு எப்படி இறந்தாலும் தொகை கிடையாது. தடை தொடங்கும் முன்பே 500 ரூபாயைக் கணக்கில் தொடாமல் விட்டுவைப்பதுதான் வழி.

இரண்டாவது, குடும்பத்தையே பிளப்பது: நாமினி. கல்யாணத்துக்கு முன் சேர்ந்த பையன் அம்மா பெயரைக் கொடுத்திருப்பான். பிறகு மனைவி வருவாள், பிள்ளைகள் பிறப்பார்கள், படிவம் அப்படியே கிடக்கும். சேமிப்புக் கணக்கில் மனைவியை நாமினியாகப் போட்டாயிற்று, அது இதற்கும் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். செல்லாது. இரண்டும் தனித்தனி. பிரீமியம் கழியும் கிளைக்குப் போய், ‘ஜீவன் ஜோதிக்கு நாமினி மாற்ற வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையோடு வாங்கி வர வேண்டும். பிள்ளையை நாமினியாகப் போட்டால் 18 வயது ஆகும் வரை அதற்காகப் பணம் வாங்க ஒரு பெரியவர் பெயரையும் எழுதுங்கள். இந்த வரி காலியாக இருந்தால் கிளைம் அங்கேயே நிற்கும்.

சரி, மாமியார் நாமினி, மருமகள் உரிமை கேட்கிறாள். பணம் யாருக்கு? காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்ட பிறகு, பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்கிறது. ஆனால் 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம், வாரிசுகள் உரிமை கோரினால் வாரிசுரிமைச் சட்டப்படியே பங்கு என்று தீர்ப்பளித்தது. அங்கும் கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மா பெயர்தான். அம்மா, மனைவி, பிள்ளை மூவருக்கும் சம பங்கு கிடைத்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டப்படும்.

நம் கரையில் வாரிசுக் கணக்கே வீட்டுக்கு வீடு வேறு. அம்மா, மனைவி, இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம், 2 லட்சம். இந்துக் குடும்பத்தில் நால்வருக்கும் தலா 50,000. தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கீழக்கரை முஸ்லிம் குடும்பத்தில் அம்மாவுக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி மகன்களுக்கு. பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை அடங்கும்.

கிளைம் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதாரும் பாஸ்புக்கும் போதும். விபத்துத் தொகைக்கு எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர வேண்டும். உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழே பெரும் பாடு. 7 ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் கருதும். அதனால் ஆள் காணவில்லை என்ற புகாரை அன்றே பதிந்து ரசீது வாங்குங்கள். நாமினிக்கு எதிராக ஒருவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், நீதிமன்ற உத்தரவு கொண்டுவரச் சொல்லித் தொகையை நிறுத்திவைக்கக்கூடும். வழக்கறிஞருக்குச் செலவழிக்கும் முன் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் மாமியாரும் மருமகளும் பங்கு பேசி முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

சண்டையில் யாரும் கவனிக்காமல் விடுவது அம்மாவின் மருத்துவ அட்டை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மகன் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால்தான் பல தாய்மார்களுக்குச் சிகிச்சை நடக்கிறது. மருமகள் தனி ரேஷன் அட்டை வாங்கிப் பிரிந்தால், அம்மா தன் பெயரில் ரேஷன் அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் புதிதாகப் பதிய வேண்டும். டயாலிசிஸ், இதயச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், பங்குப் பேச்சு முடியும் வரை காத்திருக்காமல் இதை முதலில் செய்யுங்கள்.