கப்பலா, கரையா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் என்று முடிவான அன்று ராத்திரியே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்துவிட்டது. அண்ணி பெரிய கப்பல் கட்சி. நீர்ச்சறுக்கு, ராத்திரி ஷோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடம் என்று படம் படமாக அனுப்பினார். அண்ணன் ஊர் கட்சி. "கப்பல்ல உக்காந்து சாப்பிடத்தான் போறோம்னா இங்க செந்தோசாத் தீவுலயே ரூம் போட்டுடலாமே? எறங்கிப் பாக்க ஊர் வேணும்ல" என்று குரல்பதிவு போட்டார். இரண்டு விதமாகவும் போய்வந்தவள் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவு என்றால் கப்பலைப் பார்த்து எடுங்கள். ஏழு இரவும் அதற்கு மேலும் என்றால் ஊரைப் பார்த்து எடுங்கள். ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். கப்பலை நிஜமாக எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

எங்கள் தாத்தாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறி வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தவருக்குக் கரை மட்டும்தான் கணக்கு. அதற்கப்புறம் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தத் தடமும் நின்றுபோனது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2020 கடைசியில், கோவிட் நேரத்தில், எங்கேயும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுச் சிங்கப்பூர் மரினா பே முனையத்துக்கே திரும்பும் பயணத்துக்கு நம்மவர்கள் காசு கொடுத்து ஏறினார்கள். சிங்கப்பூரைத் தாயகத் துறைமுகமாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சர் கப்பலுக்கு அறிவித்த மூன்று, நான்கு இரவுப் பயணங்களிலும் ஊரே கிடையாது, முழுக்கக் கடல்தான். தாத்தாவுக்குக் கரை மட்டும், இவர்களுக்குக் கப்பல் மட்டும். நம் வீட்டுச் சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்.

முதலில் குறுகிய பயணம். ஒரு ஜூன் மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பினாங், புக்கெட் என்று நான்கு இரவு போனோம். திங்கள் மாலை ஐந்துக்குப் புறப்பாடு, வெள்ளி காலை ஏழுக்குத் திரும்பல். மொத்தம் 86 மணி நேரம். அதில் நாங்கள் மண்ணை மிதித்தது பினாங்கில் ஆறு மணி நேரம், புக்கெட்டில் ஐந்து. மிச்சம் 75 மணி நேரம் கப்பலில். அந்த 75 மணி நேரம் தூங்க, சாப்பிட, பிள்ளைகளைச் சமாளிக்க இடம் சரியாக இல்லையென்றால் எந்த ஊர் வந்து என்ன?

இன்னொன்று. பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். வார இறுதியில் போய் வரக்கூடிய ஊர்கள் இவை. அதற்குக் கப்பல் டிக்கெட் எடுக்கிறோம் என்றால் நாம் வாங்குவது கப்பலைத்தான். இதை அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனாலும் அந்தப் பயணத்தில் அம்மாவுக்குப் பிடித்தது பினாங்தான். காரணம், கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே ஒட்டி நிற்கிறது. கப்பல் அட்டையைத் தட்டி வெளியே வந்தால் ஊர். அங்கிருந்து குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவின் நடையிலேயே கால் மணி நேரம். 1833-ல் எழுந்த கோயில். கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் டீ குடித்துவிட்டு, மத்தியானம் நாசி கண்டார். காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் தந்த சாப்பாடு அது. பேருந்து, வழிகாட்டி எதுவும் தேவைப்படவில்லை. துறைக்குத் திரும்பியதும் அம்மா தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா வந்த கப்பலும் இங்கதான நின்னுருக்கும்" என்றார். கோலாலம்பூர் அப்படியில்லை. அதற்கான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார வேண்டும், 272 படி அதற்கப்புறம்தான்.

புக்கெட் வேறு கதை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கக் கடலைக் கிளறிக்கொண்டிருக்கும் நேரம். கப்பலின் அடித்தளத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே படகு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. மாலுமிகள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, படகு மேலே வரும் நொடி பார்த்து "இப்ப" என்று சொல்லி ஏற்றிவிடுகிறார்கள். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மூன்று பேர் ஏறுவதைப் பார்த்தார். நான்காவதாக அவர் முறை வந்ததும் திரும்பி, "நீங்க போய்ட்டு வாங்க" என்று லிஃப்ட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அந்த நாள் அம்மாவுக்கு வீணாகவில்லை. எல்லாரும் இறங்கிப்போன கப்பலில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சாப்பாட்டுக்கூடத்தில் தோசை ஊற்றுபவர் "இன்னொன்னு வேணுமாம்மா" என்று கேட்கும் அளவுக்கு ஓய்வாக இருந்தாராம். அதுதான் கப்பலிலேயே நல்ல நாள் என்று இன்றைக்கும் சொல்கிறார். இறங்க மனமில்லாத ஊர் ஒன்று பயணத்தில் இருப்பதும் ஒரு வசதிதான்.

சரி, நீண்ட பயணம். அதற்கு முந்தைய ஜனவரியில் நானும் கணவரும் ஏழு இரவு வியட்நாம் பக்கம் போனோம். கொஞ்சம் பழைய கப்பல், நீர்ச்சறுக்கு எதுவும் இல்லை. எங்களுக்கு அது குறையாகவும் தெரியவில்லை. ஏமாந்தது ஊரில். திட்டத்தில் ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன், என்று போட்டிருந்தது. கப்பல் நின்றது பூ மீ துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்குச் சாலையில் இரண்டு மணி நேரம். கணக்குப் போடுங்கள்: காலை எட்டுக்குக் கரை, இறங்கி முடிய ஒன்பது, நகரம் போய்ச் சேரப் பதினொன்று. நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு நகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு காப்பி, ஒரு சாப்பாடு. அவ்வளவுதான் சைகோன். பாங்காக் என்று விளம்பரம் செய்யும் பெரிய கப்பல்களும் இப்படித்தான் லேம் சபாங் துறைமுகத்தில் நிற்கின்றன. அதுவும் நகரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

ஊருக்குள் போக முடியாததற்குக் காரணம் கப்பலின் அளவு. சின்னக் கப்பல்கள் சைகோன் ஆற்றில் ஏறி நகரத்துக்கே போய்விடும், பாங்காக்கிலும் சாவ் பிரயா ஆற்றில் உள்ளே போகும். மூன்று கால்பந்துத் திடலை நீளவாக்கில் வைத்தாற்போன்ற கப்பல் ஆற்று வளைவில் எப்படித் திரும்பும்? பாலங்களின் உயரம் வேறு இருக்கிறது. நம் ஊரையே பாருங்கள். ஹார்பர்ஃபிரண்ட் கப்பல் முனையத்துக்கு மேலே செந்தோசா கேபிள் கார் போவதால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே வர முடியாது. அந்த அளவைத் தாண்டும் கப்பல்களுக்கும் இடம் வேண்டுமென்றுதான் 2012-ல் மரினா பே முனையம் வந்தது. வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகர நடுவிலுள்ள சான் மார்கோ பக்கமே வரக்கூடாது.

அண்ணனும் அண்ணியும் இரண்டு தனிக் கட்சியாக நின்று சண்டை போட்டது இந்த இடத்தில்தான் பிசகு. கப்பலைத் தேர்ந்தெடுத்த கணமே பாதி ஊரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். நீர்ச்சறுக்கு உள்ள கப்பல் வேண்டுமென்றால் பூ மீயும் லேம் சபாங்கும் கூடவே வரும். ஊர் நடுவில் இறங்க வேண்டுமென்றால் சின்னக் கப்பல், அதற்கு விலை பெரும்பாலும் கூடுதல், பிள்ளைகள் மூன்றாம் நாள் சலித்துப்போவார்கள்.

அந்த வியட்நாம் பயணத்தில் இன்னொரு அடி. நா தராங் என்ற கடற்கரை ஊரில் நங்கூரம் போட்டுப் படகில் இறக்குவதாகத் திட்டம். அன்று காலை ஏழு மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, அலை அதிகம், நிற்கப் போவதில்லை என்றார். கைக்கு வந்தது துறைமுகக் கட்டணம் மட்டும். பயண ஒப்பந்தத்தில் ஊரை மாற்றவும் விடவும் கேப்டனுக்கு உரிமை உண்டு என்று இருக்கும். நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைப் புரட்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். டிக்கெட் எடுக்கும்போது யாருக்கு அது ஞாபகம் வருகிறது? அதே டிசம்பர், ஜனவரியில் மலாக்கா நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாயா மறைத்துக்கொள்கின்றன. புக்கெட் பக்கக் கடலும் அப்போதுதான் அடங்கியிருக்கும். ஆக, ஊரை வைத்து எடுப்பவர்கள் மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பலை வைத்து எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஒரு ஊர் விட்டுப்போனாலும் அண்ணி கட்சிக்குச் சறுக்கு அங்கேயேதான் இருக்கும்.

கப்பல் கட்சிக்கும் ஒரு எச்சரிக்கை. பெரிய கப்பல் என்றால் தாராளமான கப்பல் என்று அர்த்தமில்லை. கப்பலுக்கு டன் என்று போட்டிருப்பது எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 168,000 டன். அறைக்கு இருவர் என்று வைத்தால் 4,100 பேருக்குச் சற்று மேல், ஆளுக்கு 40 டன் வரும். எல்லாக் கட்டிலும் நிரம்பினால் 4,900 பேர், அப்போது 34. பள்ளி விடுமுறையில் அறைக்கு மூன்று, நான்கு பேர் ஏறுவார்கள் என்பதால் இரண்டாவது கணக்கைத்தான் நம்ப வேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து கடல்மட்டத்துக்கு மேல் 90 மீட்டர் உயரம்வரை தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு அருமைதான், அதற்கு முன்னால் நிற்கும் வரிசையும் அப்படியே.

சாப்பாட்டை வைத்துக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை, எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி. ஹலால் சான்றிதழ், இந்தியச் சைவம் இரண்டையும் முன்னிறுத்தியே ஜெந்திங் ட்ரீம் கப்பல் இங்கே ஆள் பிடிக்கிறது. அப்படியும் அம்மா எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக்கொண்டுதான் வருவார். வாந்தி வரும் ஆட்கள் இருந்தால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. தினசரிச் சேவைக் கட்டணம், வைஃபை, பானங்கள் எல்லாம் டிக்கெட்டுக்கு மேல் தனி என்பதையும் கூட்டிப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி நுழைய விசா செல்லுமா, பல முறை நுழையும் விசாவா என்று முதலில் பாருங்கள். கரையில் இறங்கவே போவதில்லை என்றாலும் போகும் நாட்டின் விசா விதியைப் பார்த்துத்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

இவ்வளவையும் குழுவில் போட்டேன். அண்ணன் கட்டைவிரல் ஒன்று அனுப்பினார். அண்ணி நீர்ச்சறுக்குப் படத்தை மறுபடியும் அனுப்பினார். டிசம்பர், நான்கு இரவு, மலாக்கா நீரிணைப் பக்கம், பிள்ளைகளுக்கேற்ற கப்பல் என்று வந்து நின்றது. அம்மா மட்டும் பதில் போடவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"பினாங்ல போன தடவ மாதிரியே கரையோட ஒட்டி நிப்பாட்டுவாங்கல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கும் சேத்துப் போட்டுடு. புக்கெட்ல நான் எறங்க மாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன்."