26.9 டிகிரி ஏன் 22 ஆகிறது?

அர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எல்எம்35 வெப்பநிலை சென்சாரை மாட்டியிருக்கிறோம். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். போர்டிலுள்ள 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும் பகுதி), 5 வோல்ட்டை முழு அளவாகக் கொண்டு 55 என்று காட்டுகிறது. 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுத்தால் 268.55 மில்லிவோல்ட், அதாவது 26.9 டிகிரி. இதை மைக்ரோகண்ட்ரோலரில் எந்த வரிசையில் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் வகுத்தால், முழு எண் கணக்கில் பின்னம் உதிர்ந்து 5000/1024 வெறும் 4. 55×4 = 220 மில்லிவோல்ட், அதாவது 22 டிகிரி. ஐந்து டிகிரி காணோம். இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை.

முதலில் பெருக்கலாம். ஆனால் இந்த போர்டில் இன்ட் (முழு எண் வகை) 16 பிட்தான், உச்சம் 32767. 55×5000 = 275000 எங்கே அடங்கும்? 7×5000 கூட அடங்காது. மேல் பிட்கள் வெட்டுப்பட்டு 1.2 டிகிரி என்று வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 5000/1024-ஐச் சுருக்கினால் 625/128. மதிப்பு துளியும் மாறவில்லை. 128-ஆல் வகுப்பதோ 7 பிட் வலப்பக்கம் நகர்த்துவதுதான். விடை அருகிலுள்ள முழு எண்ணுக்கு வர, நகர்த்தும் முன் 64 (128-இல் பாதி) கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாவிட்டால் 268, கூட்டினால் 269. ஆனால் எண்கள் சிறிதாகிவிட்டனவே, குறியற்ற (எதிர்ம எண் இல்லாத, உச்சம் 65535) 16 பிட் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏடிசி 104 வரை எல்லாம் ஒழுங்காக வரும். 105 வந்ததும் பெருக்கல் 65535-ஐத் தாண்டும், 51.3 காட்ட வேண்டிய கருவி 0.1 காட்டும். அறைக்குள் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. பெருக்கலை 32 பிட்டில் செய்யுங்கள்.

சரி, ஃப்ளோட் (தசம எண் வகை)? விடை சரியாகவே வரும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி-யில் அதற்கான வன்பொருள் இல்லாததால் எல்லாம் மென்பொருளில் நடக்கும். நொடிக்கு ஒரு தடவை அளப்பதற்கு அது பாரமே இல்லை. நிரலுக்கு 8 கேபி ஃப்ளாஷ் நினைவகம் மட்டுமே உள்ள ஏடிடைனி85 என்ற சிறிய சிப்பில் இடம் இடிக்கும். ஆனால் ஃப்ளோட் என்றாலே துல்லியம் என்பது தவறு. 1,67,77,216-ஐத் தொட்ட பிறகு 1 கூட்டினால் எண் நகராது. இந்த போர்டில் வழக்கமாகக் கூடுதல் துல்லியம் தரும் டபுள் என்று எழுதினாலும் அதே 4 பைட்தான். அதனால் மின்மீட்டரின் துடிப்புகள் போல ஏறிக்கொண்டே போவதை எண்ண 32 பிட் முழு எண்ணே நம்பகமானது.

அப்புறம், சராசரி எடுப்பவர்கள் நடுவில் வகுக்க வேண்டாம். 64 அளவீடுகளின் கூட்டல் அதிகபட்சம் 65472. குறியற்ற 16 பிட்டில் அடங்கிவிடும். அதை 32 பிட்டில் 625-ஆல் பெருக்கி, 4096 கூட்டி, கடைசியில் ஒரே தடவை 13 பிட் நகர்த்துங்கள் (64-ஆல் வகுப்பதும் 128-ஆல் வகுப்பதும் சேர்ந்து 8192).